இறங்கிய நேரம்: சிலேத்தாரிலிருந்து போன ஒரு கேட்டலினா

போன டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சிங்கப்பூரின் கிராஞ்சிப் போர் நினைவகத்துக்கு இருபது பேரைக் கூட்டிக்கொண்டு போனோம். எங்களுடையது சின்ன வாசிப்பு வட்டம். வருடத்துக்கு இரண்டு மூன்று முறை தமிழிலேயே ஒரு மரபுநடை நடத்துவோம். வழக்கமாக ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு அதன் கதை முழுவதையும் சொல்லப் பார்ப்போம். கடைசியில் யாருக்கும் எதுவும் நினைவில் நிற்காது. இந்த முறை ஒரே ஒரு விமானம், அதில் போய்த் திரும்பாத எட்டுப் பேர், அவர்களில் ஒரு விமானி, அவ்வளவுதான் என்று முடிவு செய்தோம். அந்தத் தயாரிப்பில் என்ன கிடைத்தது, நான் எங்கே சறுக்கினேன், வந்தவர்கள் என்ன கேட்டார்கள் என்பதை அடுத்து நடத்தப்போகிறவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

ஏன் இந்த விமானம்

சொந்தக் காரணம் ஒன்று உண்டு. என் அப்பா 1950களில் சிலேத்தார் ஆகாயப் படைத் தளத்தில் வேலை பார்த்தவர். ஜாலான் காயுவிலிருந்து சைக்கிளில் போவார். அங்கே இருந்த பறக்கும் படகுகளை வீட்டில் நாங்கள் 'தண்ணி ஏரோப்பிளேன்' என்போம். அதற்குச் சொந்தச் சக்கரம் கிடையாது. கரையேற்ற வேண்டுமென்றால் ஆட்கள் தண்ணீரில் இறங்கி, மிதக்கும் உடம்பின் இரண்டு பக்கமும் சக்கரம் மாட்டி, வண்டி வைத்துச் சரிவுப் பாதையில் இழுக்க வேண்டும். அப்பா அந்தச் சக்கரம் மாட்டும் கூட்டத்தில் ஒருவர். 1959 மே மாதம் கடைசி சண்டர்லாண்ட் படகு ஓய்வு பெற்றபோது அவருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். அந்த சண்டர்லாண்டுகளை வைத்திருந்தது 205ஆவது படைப்பிரிவு. போருக்கு முன்னால் அதே பிரிவு, அதே சிலேத்தார் தண்ணீரில், கேட்டலினா விமானங்களை வைத்திருந்தது. நான் சொல்ல வருவது அப்பாவுக்கு முந்திய அந்தக் காலத்தை.

கேட்டலினா அமெரிக்காவில் செய்தது. இறக்கை நுனிக்கு நுனி 104 அடி. உடம்புக்கு மேலே ஒரு தூணில் தூக்கி வைத்தாற்போல் இறக்கை, அதில் இரண்டு இயந்திரங்கள். வேகம் குறைவு. நிதானமாகப் போனால் மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில்தான் ஓடும். ஆனால் விடாமல் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்தில் இருக்கும். உள்ளே படுக்க மடக்குக் கட்டில், தேநீர் போட அடுப்பு. அமெரிக்கக் கடற்படை அதற்கு வைத்த பிபிஒய் என்ற குறியீட்டில் முதல் இரண்டு எழுத்துக்கும் பொருள் 'ரோந்துக் குண்டுவீச்சு விமானம்'. குண்டு சுமக்கும், ஆனால் அதன் உண்மையான வேலை பார்ப்பது. பரந்த கடலில் கப்பல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்துச் சொல்வது. 1941 மே மாதம் ஜெர்மானியரின் பிஸ்மார்க் போர்க்கப்பலை அட்லாண்டிக்கில் கண்டுபிடித்ததும் ஒரு கேட்டலினாதான்.

1941 டிசம்பர் 6, 7

டிசம்பர் 6, சனிக்கிழமை நண்பகல் வாக்கில், கோத்தா பாருவிலிருந்து புறப்பட்ட ஆஸ்திரேலிய ஹட்சன் விமானம் ஒன்று இந்தோசீனாவின் தென்முனைக்கு அருகே ஜப்பானியக் கப்பல் வரிசையைப் பார்த்துவிட்டது. ஓட்டியவர் ஜான் ராம்ஷா. கப்பல்கள் போகும் திசை சரியாகப் பிடிபடவில்லை. சயாமுக்கா (இன்றைய தாய்லாந்து), மலாயாவுக்கா, இல்லை வெறும் மிரட்டலா? சிங்கப்பூரில் இருந்த தலைமைத் தளபதி புரூக்-போப்பமுக்கு அதுதான் குழப்பம். ஜப்பானியர் வருமுன் சயாமுக்குள் புகுந்து தடுக்க 'மெட்டடோர்' என்று ஒரு திட்டம் வைத்திருந்தார்கள். தவறான நேரத்தில் அதைத் தொடங்கினால் போரை ஆரம்பித்தவன் என்ற பழி பிரிட்டன் மேல் விழும். அதனால் முதலில் தெரிந்தாக வேண்டியது ஒன்றுதான்: கப்பல்கள் எங்கே?

அதற்குத்தான் கேட்டலினாக்களை அனுப்பினார்கள். முதலில் போனது ஒன்றும் காணாமல் திரும்பி வந்தது. வடகிழக்குப் பருவமழைக் காலம். மேகம் கடலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. இரண்டாவதாக, நள்ளிரவு தாண்டி, 7ஆம் தேதி ஞாயிறு இருட்டோடு சிலேத்தார் நீரிலிருந்து எழும்பியது டபிள்யூ 8417 என்ற எண் கொண்ட கேட்டலினா. உள்ளே எட்டுப் பேர். ஃபிளையிங் ஆபீசர் பேட்ரிக் பெடெல், வாரண்ட் ஆபீசர் வில்லியம் வெப் என்று தொடங்கும் பட்டியல். சில நூல்கள் பெடெலை விமானி என்கின்றன, சில வெப்பை. பதவியில் பெரியவர் பெடெல். அதனால் எங்கள் நடையில் அவர் பெயரை முன்னால் வைத்தோம். வெப் பெயரையும் விடவில்லை.

சயாம் வளைகுடாவில், அன்று காலை, அவர்கள் தேடிப் போனதைக் கண்டார்கள். அல்லது அது அவர்களைக் கண்டது. முதலில் ஜப்பானியக் கடல்விமானம் ஒன்று எதிர்ப்பட்டது. பிறகு, கப்பல்களுக்குக் காவலாகச் சுற்றிய கி-27 போர் விமானங்கள் வந்து சுட்டு வீழ்த்தின. கி-27 அப்போதே பழைய மாதிரி; சக்கரத்தை உள்ளே மடக்கக்கூடத் தெரியாதது. ஆனாலும் கேட்டலினாவின் வேகத்துக்கு அது போதும். சிங்கப்பூருக்கு ஒரு செய்தியும் வந்து சேரவில்லை. ஆக, அந்த எட்டுப் பேரும் எதைப் பார்த்தார்களோ அது அவர்களோடே போயிற்று.

இதில் என்னை உலுக்கியது நேரம். பதினைந்து மணி நேரம் பறக்கக்கூடிய விமானம் சத்தமில்லாமல் இருந்தால், அது தொலைந்துவிட்டது என்று எப்போது சொல்வீர்கள்? காலையில் சொல்ல முடியாது. மதியமும் சொல்ல முடியாது. ரேடியோ கெட்டிருக்கலாம், புயலைச் சுற்றிக்கொண்டு வரலாம். எரிபொருள் கணக்கு முடிகிற பொழுதுவரை அது 'வந்துகொண்டிருக்கிற' விமானம்தான். தாமதம் என்பது காணவில்லை என்று மாறுவதற்குள் ஞாயிறு பொழுது சாய்ந்துவிட்டது. அன்று நள்ளிரவு கடந்து ஜப்பானியர் கோத்தா பாரு கரையில் இறங்கினார்கள். அதற்கு ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் பேர்ல் ஹார்பர். விடியற்காலை நான்கு மணிக்கு மேல் சிங்கப்பூரிலேயே குண்டு விழுந்தது. இவ்வளவு சத்தத்துக்கு நடுவில் திரும்பி வராத ஒரு கேட்டலினாவை யார் நினைப்பார்கள்?

பசிபிக் போரின் முதல் பலி அந்த எட்டுப் பேர். பேர்ல் ஹார்பருக்கு அரை நாளுக்கும் மேல் முன்னால், போர் என்று யாரும் அறிவிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இறந்தவர்கள். முதலில் கப்பல்களைப் பார்த்த ராம்ஷாவும் மறுநாள் கோத்தா பாருவில் கப்பல்களைத் தாக்கப் போய் உயிர் விட்டார்.

நான் செய்த தவறுகள்

முதல் தவறு, அறிவிப்புத் தாளில். 'பெடெலின் கல்லறைக்குப் போகிறோம்' என்று எழுதிவிட்டேன். கல்லறையே கிடையாது, அதுதான் விஷயமே. கிராஞ்சி மேட்டில் வரிசையாக நிற்கும் வெள்ளைக் கற்கள் 4,400க்கும் மேற்பட்டவை. அவற்றில் 850க்கு மேல் பெயர் தெரியாதவர்களுடையவை. உடல் கிடைத்தவர்களுக்கு அந்தக் கற்கள். உடல் கிடைக்காதவர்கள் மேட்டின் உச்சியில் இருக்கும் நினைவுச் சின்னத்தில் பெயராக மட்டும் இருக்கிறார்கள். அங்கே 24,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பிழையைக் கண்டது எங்கள் வட்டத்தின் மூத்தவர், ஓய்வு பெற்ற தமிழாசிரியை. "தம்பி, ஆள் கடலில் போய்ட்டார்னு நீங்களே எழுதியிருக்கீங்க, கல்லறைக்குன்னும் எழுதியிருக்கீங்க" என்றார். தாளை மறுபடி அச்சடித்தோம்.

இரண்டாவது, தேதி. ஒரு குறிப்பில் 7, இன்னொன்றில் 8 என்று எழுதி வைத்திருந்தேன். காரணம் கடிகாரம். அன்றைய சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சுக்கு ஏழரை மணி நேரம் முன்னால், தோக்கியோ ஒன்பது, ஹவாயி பத்தரை மணி நேரம் பின்னால். ஜப்பானியப் பதிவுகள் எந்தக் கடலில் நடந்ததையும் தோக்கியோ நேரத்தில்தான் எழுதும். பேர்ல் ஹார்பர் அமெரிக்கர்களுக்கு டிசம்பர் 7. அதே நொடி நமக்கு 8ஆம் தேதி அதிகாலை. ஆக, 'டிசம்பர் 7' என்று இரண்டு பேர் சொன்னால் இரண்டு வெவ்வேறு பொழுதைச் சொல்கிறார்கள். நாங்கள் எல்லா நேரத்தையும் அன்றைய சிங்கப்பூர்க் கடிகாரத்துக்கு மாற்றி ஒரே தாளில் எழுதினோம். எழுதி முடித்ததும் கதை தானாக வரிசைக்கு வந்தது. இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

மூன்றாவது தவறா, இல்லை வெறும் வாக்குவாதமா தெரியவில்லை: சொல். செய்தித்தாள் தமிழில் இப்போது 'மாயமானவர்' என்கிறார்கள். எனக்கு அது பிடிக்காது. மாயமாகப் போவதற்கு இது மந்திரவாதி கதையா? 'காணாமல் போனவர்' என்றால் தைப்பூசக் கூட்டத்தில் பிள்ளை கைநழுவிப் போன மாதிரி ஒலிக்கிறது. இன்னும் அரை மணியில் அறிவிப்புக் கூடத்தில் கிடைத்துவிடும் என்பதுபோல. வீட்டில் நாம் பேசுவது வேறு. 'போனவர் வரலை'. ஆசிரியை அம்மா அதையே வைத்துக்கொள்ளலாம் என்றார். தாளில் 'போய்த் திரும்பாதவர்' என்று அச்சாயிற்று.

மேட்டின் மேல்

கிராஞ்சி எம்ஆர்டி நிலையத்திலிருந்து வுட்லண்ட்ஸ் ரோடு வழியாக நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. அன்று பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. 1941இல் கப்பல்களை மறைத்த அதே பருவமழை என்று நான் சொல்ல, ஓர் இளைஞர், "அண்ணே, அதே மழையா?" என்று குடையை மடக்கினார். ஓடிப்போய் நினைவுச் சின்னத்தின் கூரைக்கடியில் ஒதுங்கினோம். ஒதுங்கிய பிறகுதான் பலர் அண்ணாந்து பார்த்தார்கள். அந்தக் கூரை ஒரு விமானத்தின் இறக்கை. நடுவே 24 மீட்டர் உயரத்துக்கு எழும்பி நிற்பது வால். கொலின் செயின்ட் கிளேர் ஓக்ஸ் என்ற கட்டடக் கலைஞர் வரைந்தது; 1957 மார்ச் 2ஆம் தேதி ஆளுநர் ராபர்ட் பிளாக் திறந்து வைத்தார். தரைப்படையினர் பெயர்களே ஏராளமாக இருக்கும் இடத்துக்கு விமானத்தின் வடிவம் கொடுத்திருக்கிறார்கள்.

அதற்கு ஒரு பொருத்தம் உண்டு. பர்மாவில் போரிட்டு உடல் கிடைக்காத தரைப்படை வீரர்களின் பெயர்கள் ரங்கூன் நினைவகத்தில் இருக்கின்றன. ஆனால் விமானத்தில் போனவர்கள் பர்மா மேல் விழுந்தாலும், வங்கக் கடலில் விழுந்தாலும், பசிபிக்கில் விழுந்தாலும் பெயர் வருவது இங்கே கிராஞ்சிக்கு. தெற்கு, கிழக்கு ஆசிய ஆகாயம் முழுவதற்கும் இந்த மேடுதான் கணக்குப் புத்தகம்.

பெயர் தேடுவது தனிக் கலை. தரைப்படை என்றால் படைப்பிரிவு வாரியாகத் தேட வேண்டும். இந்திய ராணுவப் பகுதியில் நின்றால் தமிழ்ப் பெயர்கள் கண்ணில் படும். அங்கே எங்கள் ஆட்கள் கொஞ்ச நேரம் நகரவே இல்லை. ஆகாயப் படையில் முதலில் ஆண்டு, பிறகு பதவி, அப்புறம்தான் பெயர். 1941க்கு இடம் கொஞ்சம்; 1942 தூண் தூணாகப் போகிறது. பெடெல் கண்ணில் படக் கொஞ்ச நேரம் ஆயிற்று. குடும்பப் பெயர், முதலெழுத்துகள், அவ்வளவுதான். தேதி இல்லை, ஊர் இல்லை, எந்த விமானம் என்றில்லை. ஒரே விமானத்தில் ஒன்றாகச் செத்த எட்டுப் பேரும் சுவரில் ஒன்றாக நிற்பதில்லை. பதவி அவர்களைப் பிரித்துவிடுகிறது. அதிகாரி மேலே, மற்றவர்கள் கீழே தள்ளித் தள்ளி. நாங்கள் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடினோம். கடைசிப் பெயருக்கு ஒருவர் மண்டியிட வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்து தெங்கா ஆகாயப் படைத் தளத்துப் பக்கமிருந்து ஒரு போர் விமானம் தலைக்கு மேலே போயிற்று. பேசியது எதுவும் கேட்கவில்லை. யாரும் பேசவும் இல்லை.

இந்தச் சுவரில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு என்று சொல்ல ஒரு கதை வைத்திருந்தேன். 1945 ஆகஸ்டு 23, ஜப்பான் சரணடைந்து ஒரு வாரத்துக்குப் பின், பிரிட்டிஷ் ஆகாயப் படையின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானம் ஒன்று நெகிரி செம்பிலான் மலைக்காட்டில் விழுந்தது. அதிலும் எட்டுப் பேர். போர் முடிந்த பிறகு செத்தவர்கள். காட்டில் கிடந்த சிதைவிலிருந்து எச்சங்களை எடுத்து, 2012 அக்டோபரில் கோலாலம்பூரில் ராணுவ மரியாதையோடு அடக்கம் செய்தார்கள். 67 வருடம் கழித்து. போருக்குப் பின் பிரிட்டிஷ் ஆகாயப் படை தன் ஆட்களைத் தேடுவதற்கென்றே ஒரு பிரிவு வைத்திருந்தது. நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் அதன் கணக்கில் இருந்தன. காட்டில் விழுந்தவர்களைத் தேடலாம். கடலில் விழுந்தவர்களை எங்கே தோண்டுவது? வழக்கமாக ஆறு மாதம் பொறுத்துவிட்டு, இறந்ததாகக் கொள்கிறோம் என்று வீட்டுக்குக் கடிதம் போடுவார்கள்.

அந்த அம்மா கேட்டது

வந்தவர்களில் எண்பத்தைந்து வயது தாண்டிய ஓர் அம்மா, மகளோடு வந்திருந்தார். ஈசூனில் இருக்கிறார். நடை முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. மழை விட்டதும் சுவரைப் பார்த்தபடி, "தம்பி, அந்த வெள்ளைக்காரப் புள்ளை கடல்ல விழுந்தது யாருக்குமே தெரியாதுன்னீங்க. அப்புறம் அவன் பேரு மட்டும் எப்படி இங்க வந்துச்சு?" என்றார்.

நல்ல கேள்வி. நான் தயாரித்த எந்தப் பதிலையும்விட நல்ல கேள்வி. அவர் தைரியசாலி, தியாகி என்பதற்காக வரவில்லை. அவர் என்ன செய்தார் என்பதே வெகுநாள் தெரியாது. சுட்டவர்கள் பக்கத்துக் குறிப்புகளை வைத்துப் பின்னால் பொருத்தியதுதான். பெயர் வந்ததற்குக் காரணம் ஒரு தாள். பிரிட்டிஷ் ஆகாயப் படையில் ஒவ்வொரு பிரிவும் படிவம் 541 என்று ஒன்றை நிரப்பும். விமானத்தின் எண், உள்ளே போகிறவர்கள் பெயர், என்ன வேலை, கிளம்பிய நேரம், இறங்கிய நேரம். திரும்பி வராவிட்டால் கடைசிக் கட்டம் நிரம்பாமல் கிடக்கும். அந்த வெற்றிடத்தை எவனோ ஓர் எழுத்தர் பார்த்து லண்டனுக்குத் தந்தி கொடுப்பான். சிங்கப்பூர் விழுந்தபோது இங்கிருந்த பிரிவுகளின் தாள்கள் எத்தனையோ தொலைந்தன. ஆனாலும் பெயர்கள் அதற்குள் இன்னொரு மேசைக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. 1917இலேயே தொடங்கிய போர்க் கல்லறை ஆணையம் அந்தப் பெயர்களை வாங்கிக் கல்லில் வெட்டியது. பதவி எதுவானாலும் ஒரே அளவு எழுத்து.

இதைச் சொன்னேன். அம்மா கேட்டுக்கொண்டு, "எங்கப்பாவை லாரியில ஏத்துறப்போ யாரும் எழுதலையே" என்றார்.

அவருடைய அப்பா ஜொகூரில் ஒரு தோட்டத்துத் தொழிலாளி. 1943இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். இவருக்கு அப்போது மூன்று நாலு வயது. அந்தப் பாதையில் வேலை செய்த போர்க் கைதிகள் 60,000 பேருக்கு மேல். இறந்தவர்கள் 12,000 பேருக்கு மேல். அவர்களுக்கு தாய்லாந்தின் காஞ்சனபுரியிலும் சுங்காயிலும் பர்மாவின் தன்பியூசயாவிலும் பெயரோடு கல் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் அதைப்போல் பல மடங்கு. 90,000 வரை சொல்கிறார்கள். அதில் தமிழர்கள் எத்தனை என்று எண்ணிச் சொல்ல முடியாது, ஏனென்றால் எண்ணவில்லை. சில வருடங்களுக்கு முன் காஞ்சனபுரியில் அவர்கள் நினைவாகத் தமிழர்கள் ஒரு நடுகல் நட்டார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே கல்.

தோட்டத்தில் பெயர்ப் பதிவே இல்லாமலும் இல்லை. விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்தும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவார், தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகை ஏட்டில் புள்ளி வைப்பார். வராதவனுக்கு அன்றைய சம்பளம் கிடையாது. ஆனால் அந்த ஏடு சம்பளம் போட வைத்தது, ஆளைத் தேட வைத்தது அல்ல. வராதவனின் கட்டம் அங்கும் வெறுமையாகத்தான் கிடந்திருக்கும். அதைப் பார்த்துத் தந்தி கொடுக்க எந்த மேசையும் இல்லை.

மகள் குறுக்கிட்டு, "மகாளய அமாவாசைக்கு வருசா வருசம் கோயிலுக்குப் போறோம் சார்" என்றார். இறந்த திதி தெரியாதவர்களுக்கு நம் வழக்கத்தில் அந்த அமாவாசை. கிராஞ்சிச் சுவரில் தேதி இல்லாமல் நிற்கும் பெயர்களைப் பற்றி நான் அரை மணி நேரம் பேசியிருந்தேன். தேதி தெரியாதவர்களுக்கு நம்மிடம் ஏற்கெனவே ஒரு நாள் இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ஐயர் பெயர் கேட்பார், கோத்திரம் கேட்பார். தெரியாவிட்டால் சிவ கோத்திரம் என்று சொல்லிக்கொள்வார்கள். தேதி கேட்க மாட்டார்.

இந்த இடத்தில் கூட்டத்தில் ஒரு சின்ன உரசல். பெடெலை நினைக்க வந்த இடத்தில் சயாம் ரயிலைப் பேசுவது சரியா என்று ஒருவர் கேட்டார். வெள்ளைக்காரன் பெயரைத் தேடித் தமிழன் எதற்கு மண்டியிட வேண்டும் என்று இன்னொருவர் நேர்மாறாகக் கேட்டார். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடில்லை. பெடெல் தனக்குக் கொடுத்த வேலையைச் செய்யப் போனவர். அவர் பெயர் சுவரில் இருப்பதால் அந்த அம்மாவின் அப்பாவுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. அதே நேரம், அவர் பெயர் அங்கே இருப்பது எப்படி என்று கேட்டால்தான் இன்னொரு பெயர் ஏன் இல்லை என்பது புரிகிறது. பெடெலை வைத்துத்தான் எனக்கு அது புரிந்தது. அவர் இல்லாவிட்டால் 'அநியாயம்' என்று ஒரு வார்த்தையில் பேசிவிட்டுப் போயிருப்பேன்.

அடுத்த நடைக்கு மாற்றியவை

எட்டுப் பெயர்களையும் ஒரே தாளில், விமானத்தில் ஒன்றாக இருந்தபடி, பதவி பார்க்காமல் அச்சடித்திருக்கிறோம். சுவர் பிரித்ததைத் தாள் சேர்க்கட்டும். நேரங்கள் எல்லாம் அன்றைய சிங்கப்பூர்க் கடிகாரப்படி. நடையைக் கிராஞ்சியில் தொடங்காமல் சிலேத்தாரில் தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். பழைய தளம் இன்று விமான நிலையமும் விமானத் தொழிற்பேட்டையுமாக இருக்கிறது. பிக்கடிலி, பார்க் லேன் என்று லண்டன் தெருப்பெயர் வைத்த சாலைகளும் கறுப்பு வெள்ளை பங்களாக்களும் இன்னும் இருக்கின்றன. கிளம்பிய இடத்தைப் பார்த்துவிட்டு பெயரைப் பார்த்தால் நடுவில் இருக்கும் கடல் மனதில் நிற்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆசிரியை அம்மாவுக்கு அதில் சம்மதமில்லை. வயதானவர்களை எத்தனை பேருந்து ஏற்றி இறக்குவது என்கிறார். அதுவும் நியாயம்தான். ஜாலான் காயுவில் புரோட்டாவும் தேநீரும் உண்டு என்று ஆசை காட்டியிருக்கிறேன்.

இன்னொன்று, திட்டத்தில் இல்லாதது. ஒரு சாதாரண நூறு பக்க நோட்டு வாங்கி, படிவம் 541 மாதிரியே கோடு போட்டோம். பெயர், அப்பா பெயர், எந்தத் தோட்டம், யார் கூட்டிக்கொண்டு போனது, கிளம்பிய மாதம். கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு எழுதவில்லை. நடைக்கு வருகிறவர்கள் வீட்டில் அப்படிப் போய்த் திரும்பாதவர்கள் இருந்தால் எழுதலாம். இதுவரை பதினொரு பெயர்.

முதல் பெயர் அந்த அம்மாவின் அப்பாவுடையது. எழுதும்போதே சிக்கல். பெயர் தெரியும், அப்பா பெயர் தெரியும். தோட்டத்தின் பெயரைக் கேட்டால் நம் ஆட்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட தமிழ்ப் பெயர்தான் அவருக்குத் தெரிகிறது. கம்பெனி வைத்த பெயர் தெரியவில்லை. வரைபடத்தில் தேட அந்தப் பெயர் வேண்டும். "கூலாய்ல என் சின்னம்மா மகன் இருக்கான், அவன்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றார். போன வாரம் மகள் தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த மாமா மூன்று பெயர் சொல்லியிருக்கிறாராம், மூன்றும் வெவ்வேறு தோட்டம். மூன்றையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறேன்.